கொம்பு எந்தப் பக்கம்?

பிறை பார்ப்பதற்கென்றே கார் அனுப்பிக் கூட்டிப்போகும் அளவுக்குப் பேர் வாங்கிய ஹாஜியார் நூர்சாலிக்குச் சில வருஷங்களாகப் பிறை தெரிந்ததே இல்லை.

பிறையை விடுங்கள். எதிரே வருவது ஆளா ஆடா என்பதே பக்கத்தில் வந்து குரல் கொடுத்தால்தான் அவருக்குத் தெரியும். இரண்டு கண்ணிலும் புரை. ஆனால் ஜாவாவின் வடகரையில், கராங்செனு முனையைச் சுற்றி எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊரிலும் 'கழுகுக் கண் ஹாஜியார்' என்றால் தெரியாதவர் கிடையாது. அவருடைய வாப்பாவும் கழுகுக் கண்தான். அந்தக் கண் பரம்பரையாக வருவது என்று ஊர் நம்பியது. புரையும் பரம்பரையாக வருவதுதான் என்பதை ஹாஜியார் ஊருக்குச் சொல்லவில்லை.

வேலை சுலபமானது. நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலை முனையில் பந்தல் போடுவார்கள். நீதிபதி ஒருவர் வந்து உட்காருவார். சூரியன் கடலுக்குள் இறங்கியதும், பிறையைக் கண்டவர்கள் தலைக்குமேல் குர்ஆனைப் பிடிக்கச் சத்தியம் செய்து சாட்சி சொல்லவேண்டும். குறைந்தது இரண்டு பேர். சாட்சி நின்றால் தலைநகருக்குச் செய்தி பறக்கும், மறுநாள் பெருநாள். எந்தக் கடற்கரையிலும் யாருக்கும் தெரியவில்லையென்றால் இன்னொரு நோன்பு.

கணக்குப்படி பிறை கடலுக்கு மேலே இருக்கவேண்டிய வருஷத்தில் ஹாஜியார் "கண்டேன்" என்பார். இருக்கமுடியாத வருஷத்தில் உதட்டைப் பிதுக்குவார். ஒருதரம்கூடத் தப்பியதில்லை. நீதிபதி கேட்கும் கேள்விகளும் மாறியதில்லை. எங்கே கண்டீர், எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம்? வாப்பா சொல்லிவந்த பதிலையே அவரும் சொல்வார். சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று இடப்பக்கம், விரலளவு உயரம், கொம்பு இரண்டும் மேலே, படகு மிதக்கிற மாதிரி. இதைப் பொய் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பிறை அங்கேதான் இருக்கிறது. கண் இல்லாதது பிறையின் குற்றமா?

இரண்டாவது சாட்சி மோதினார் சயெலான். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். ஹாஜியாருக்கு எது தெரிகிறதோ அது சயெலானுக்கும் தெரியும். பழைய நீதிபதி இருவரையும் சேர்த்தே நிறுத்திக் கேட்பார். ஹாஜியார் சொல்லி முடித்ததும் சயெலான் "அதேதாங்க" என்பார். அவருடைய சாட்சியம் அந்த ஒரு சொல்தான்.

இந்த வருஷம் நீதிபதி மாறிவிட்டார்.

புதிதாக வந்த லைலா ஹுஸ்னியா வயதில் ஹாஜியாரின் மகளைவிடச் சின்னவர். சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தோடுதான் ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இனிமேல் சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிப்பேன். யாருடைய சாட்சியம் நிற்கவில்லையோ அவரை அப்புறம் முனைக்குக் கூப்பிடமாட்டேன், அவர் எவ்வளவு பெரிய கண்ணாக இருந்தாலும் சரி.

ஹாஜியாருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. பந்தலில் முதல் வரிசையில் போடும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி போய்விட்டால் அவர் யார்? சந்தையில் கருவாடு விற்கிற கிழவர். கருவாடு விற்கிறவர்கள் கராங்செனுவில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

முதல் காரியமாக, உறவுக்காரர் வீட்டுச் சுன்னத்து விருந்து என்று ஊரில் சொல்லிவிட்டு, மனைவி ரொம்லாவோடு சுரபாயாவுக்குப் போய் வலது கண்ணில் புரையை எடுத்துக்கொண்டு வந்தார். விருந்துக்குப் போனவர் ஏன் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினார் என்று கேட்டவர்களுக்கு, வெயில் கடுமை என்று பதில் சொன்னாள் ரொம்லா.

இரண்டாவது காரியமாக, சயெலானை உட்காரவைத்துப் பதில்களை உருப்போட வைத்தார். இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலை அசர் தொழுகை முடிந்த பிறகும் பள்ளிவாசல் கிணற்றடியில் ஒருமுறை ஒப்பிக்கச் சொன்னார்.

"கொம்பு?"

"மேல. படகு மிதக்கிற மாதிரி."

"எந்தப் படகுன்னு கேட்டா?"

சயெலான் திருதிருவென்று விழித்தார். "அதெல்லாம் கேப்பாங்களா, ஹாஜியார்?"

"கேக்கமாட்டாங்க. நீ இப்ப முழிச்சே பாரு, அப்படி மட்டும் அங்க முழிக்காதே."

ஆனால் கண் தெளிந்ததில் ஒரு சிக்கலும் சேர்ந்து வந்துவிட்டது. கண் தெரியாத காலத்தில் "கண்டேன்" என்று சொல்வதில் அவருக்கு உறுத்தல் இருந்ததில்லை. கண்ணுக்குப் பதிலாக வாய் வேலை செய்கிறது, அவ்வளவுதான். இப்போது கண் பளிச்சென்று தெரிகிறது. காணாமல் கண்டேன் என்றால் அது பச்சைப் பொய். அதுவும் குர்ஆனுக்குக் கீழே நின்று. கண் வந்ததும் கூடவே மனசாட்சியும் வந்துவிடும் என்று சுரபாயா டாக்டர் சொல்லவில்லை.

அந்த மாலை முனையில் நல்ல கூட்டம். கணக்குப்படி இந்த வருஷம் பிறை மேலேதான் இருக்கவேண்டும், ஆனால் மயிரிழை. ஹாஜியாரின் நாற்காலிக்குப் பத்தடி தள்ளி, மூன்று காலில் நின்றது ஒரு நீளக் குழாய். ரொம்லாவின் தம்பி ஹர்னோத்தோவின் தொலைநோக்கி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். வருஷா வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு வருவான்; வருஷா வருஷம், அவன் குழாயைத் திருகிக்கொண்டிருக்கும்போதே மச்சான் "கண்டேன்" என்று சொல்லிவிடுவார். கண்ணாடி வழியாகப் பிறை பார்ப்பது போட்டோவுக்கு நிக்காஹ் செய்கிற மாதிரி என்று ஹாஜியார் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்தக் குழாயில் ஒருநாளும் அவர் கண்ணை வைத்ததில்லை. அன்று பிற்பகல் பிள்ளைகள் அதன் வழியாக மீன்பிடிப் படகுகளைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று ஹாஜியார் கேட்கவில்லை. கேட்டால் மரியாதை என்னாவது?

சூரியன் கடலைத் தொட்டது. உருகியது. மறைந்தது.

பள்ளிவாசலில் பெடுக் முரசு முழங்கியது. நோன்பு திறக்கும் நேரம்.

பிறை தேடவேண்டிய நேரமும் அதுதான் என்பதில்தான் இந்த ஊர்க்காரர்களின் சோதனை. நாளெல்லாம் பட்டினி கிடந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் வானத்துக்கு முதுகைக் காட்டிவிட்டுப் பந்தலுக்குள் பாய்ந்தார்கள். தேங்காய்ப்பாலில் வாழைப்பழமும் சர்க்கரைவள்ளியும் மிதக்கும் கோலாக், டம்ளர் டம்ளராகக் கைமாறியது. குழாயை எங்கே திருப்பவேண்டும் என்று கணக்குப் போட்டு நிறுத்தியிருந்த ஹர்னோத்தோவும் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டு, வெளிச்சம் இன்னும் அடங்கவில்லை என்று முணுமுணுத்தபடி டம்ளரை நோக்கி நடந்தான்.

ஹாஜியார் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, புதுக்கண்ணால் வானத்தைத் துழாவினார். செம்மஞ்சள். அதற்குமேல் வெளிர்நீலம். வடக்கேயிருந்து ஒரு மேகத்திட்டு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பிறையைக் காணோம். நல்ல கண்ணுக்கும் காணோம்.

அவர் திரும்பிப் பார்த்தார். எல்லா முகமும் டம்ளருக்குள். குழாய் தனியாக நின்றது.

அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலேயே நடந்தன. குனிந்தார். கண்ணை வைத்தார். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு செம்மஞ்சள் வட்டம் ஒன்று. பிறகு —

பேரீச்சங்கொட்டை தொண்டையில் சிக்கப் பார்த்தது.

நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வெள்ளிக் கீற்று. மெலிசு. நடுங்கிக்கொண்டு. அவ்வளவு அழகான ஒன்றை அவர் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனால் கொம்பு இரண்டும் கீழே இருந்தன. படகு அல்ல, கவிழ்த்த படகு. அதுமட்டுமா? மேற்கே இறங்கவேண்டிய பிறை மெல்ல மெல்ல மேலே ஏறியது. வட்டத்தின் மேல்விளிம்பைத் தொட்டு, வெளியே நழுவிப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்தபோது மேகத்திட்டு அந்த இடத்தை மூடியிருந்தது. டம்ளரோடு திரும்பி வந்த ஹர்னோத்தோ குழாயில் கண்ணை வைத்து, திருகி, மறுபடி திருகி, சலித்துப்போய் விட்டுவிட்டான்.

ஹாஜியார் தம் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். பிறையைக் கண்டுவிட்டார். இந்தக் கரையில் கண்டவர் அவர் ஒருவரே. ஆனால் கொம்பு? அப்படியானால் வாப்பா சொன்னது? வாப்பாவும் பார்க்காமலேயே சொன்னாரா? இத்தனை வருஷமும் தகப்பனும் மகனுமாக ஒரு நாட்டுக்கே தலைகீழான பிறையையா விற்றோம்?

"ஹாஜியார், தெரிஞ்சுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கண்டேன்" என்றார். இந்தத் தடவை அவர் குரல் உடைந்தது.

"நானும்" என்றார் சயெலான், கோலாக் வாயோடு.

விசாரணை பந்தலின் ஓரத்தில். சயெலானைத் தூரத்தில், ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஹாஜியாரின் தலைக்குமேல் குர்ஆனைப் பிடித்தார்கள். அவர் சத்தியம் செய்தார். வல்லாஹி என்று சொல்லும்போது முதல்முறையாக அந்தச் சொல்லுக்கு எடை இருப்பது தெரிந்தது.

கண்ணால் கண்டதா, கருவியால் கண்டதா என்று கேட்டார் லைலா.

"என் கண்ணாலதாம்மா."

எங்கே, எவ்வளவு உயரம் என்ற கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னார். லைலா தம் கையிலிருந்த கணக்கோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார். அடுத்தது அந்தக் கேள்வி. மேலே என்று சொல்லிவிடத்தான் ஹாஜியார் நினைத்திருந்தார். அங்கே நிற்கும் சயெலானும் மேலே என்றுதான் சொல்லப்போகிறார். ஒரு சொல். நாற்காலி நிலைத்துவிடும்.

"கேள்விப்பட்டது, மத்தவங்க சொன்னது எதுவும் வேணாம் ஹாஜியார்" என்றார் லைலா. "நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க. கொம்பு எந்தப் பக்கம்?"

"கீழம்மா."

லைலா எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?"

"கீழ. தரையைப் பாத்து. அப்புறம்..." நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை. "மேல ஏறிக்கிட்டிருந்துச்சு."

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழாய்க்குப் பக்கத்தில் நின்ற ஹர்னோத்தோ சிரிக்கவில்லை. டம்ளரை உதட்டில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் பார்வை மச்சானிடமிருந்து குழாய்க்குப் போய், மறுபடி மச்சானிடம் வந்தது.

நல்ல மனுஷி லைலா. வயதானவரை அவமானப்படுத்த அவருக்கு மனமில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோன்புக் களைப்பில் வார்த்தை மாறியிருக்கலாம், நிதானமாக யோசித்து இன்னொருதரம் சொல்லுங்கள் என்றார். மேலே என்று எழுதிக்கொள்ளப் பேனா தயாராகக் காத்திருந்தது.

இத்தனை வருஷம் பார்க்காமல் சொன்ன வாய், இப்போது பார்த்துவிட்டு மாற்றிச் சொல்ல மறுத்தது.

"யோசிக்க ஒண்ணுமில்லம்மா. என் கண்ணால பாத்தேன். கீழதான்."

லைலா பெருமூச்சோடு ஒரு கோடு போட்டார். பிறகு சயெலானைக் கூப்பிட்டார். சயெலான் பாங்கு சொல்கிற குரலில் கணீரென்று ஒப்பித்தார்: இடப்பக்கம், விரலளவு, கொம்பு ரெண்டும் மேலே, படகு மிதக்கிற மாதிரி. விழிக்கவே இல்லை. லைலாவின் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவான சாட்சியத்தைத் தாம் கேட்டதில்லை என்றார். ஆனால் ஒற்றைச் சாட்சி போதாதே. கராங்செனு முனையில் பிறை காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகிறபோது ஊர்த்தலைவரிடம், அடுத்த வருஷம் மோதினாரை முதல் வரிசையில் உட்காரவையுங்கள் என்றார். ஹாஜியாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே சொன்ன மாதிரிதான்.

மேற்கே வேறொரு தீவின் கரையில் யாருக்கோ பிறை தெரிந்துவிட்டது. இரவுத் தொழுகைக்குப் பின் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள், மறுநாள் பெருநாள். ஊரெங்கும் தக்பீர் முழங்கியது. பிள்ளைகள் பந்தம் பிடித்து ஊர்வலம் போனார்கள். வாசலைக் கடந்துபோன பேச்சும் ஹாஜியாரின் காதில் விழுந்தது. அவ்வளவு வருஷம் உண்மையே பேசின மனுஷன், பாவம், கடைசியில் இப்படிப் பொய் சொல்லிவிட்டாரே என்று.

ரொம்லா, பெருநாளுக்கான ஓலைப்பொட்டலச் சோறு கெதுபத் வேகும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"நெசமாவே பாத்தீங்களா?"

"நெசமா."

அவள் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். ஊர் அவரை நம்பிய வருஷங்களில் ஒருதரம்கூட அவள் நம்பியதில்லை. இன்றைக்கு நம்பினாள்.

மறுநாள் தொழுகை முடிந்து, பெருநாள் வழக்கப்படி ஊரே வீடுவீடாகப் போய் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஹர்னோத்தோ வந்தான். தோளில் குழாய். முற்றத்தில் அதை நிறுத்திக் கடலைப் பார்த்துத் திருப்பினான். பெருநாளுக்காகக் கொடி கட்டி நங்கூரமிட்டிருந்த ஒரு படகைப் பிடித்து நிறுத்தி, பாருங்கள் என்று கையைக் காட்டினான்.

ஹாஜியார் பார்த்தார். படகு வானத்திலிருந்து தொங்கியது. கொடிக்கம்பம் கீழே. தண்ணீர் மேலே.

வெகுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் சிவந்திருந்தது.

"எல்லாமே இப்படித்தானா?"

"எல்லாமேதான் மச்சான். இந்த மாதிரிக் குழாய்ல அப்படித்தான் தெரியும். நீங்க 'ஏறிக்கிட்டிருந்துச்சு'ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்படி யாராலயும் கற்பனை பண்ணிச் சொல்லமுடியாது."

"புரிஞ்சுபோச்சா? அப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"தொறந்து என்னத்தச் சொல்ல? பதினஞ்சு வருஷமா நான் சுமந்துக்கிட்டுத் திரியிற குழாய்ல முதல்முதலா பிறை தெரிஞ்சுது, அதை என் மச்சான் பாத்தாரு, நான் கோலாக் குடிச்சிக்கிட்டிருந்தேன்னா?" ஹர்னோத்தோ தொண்டையைச் செருமிக்கொண்டான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நீதிபதியம்மாகிட்ட போய்ச் சொல்லுவோம். நீங்க குழாய்லதான் பாத்தேன்னு ஒத்துக்கிட்டா, நான் குடிச்சிக்கிட்டிருந்ததை ஒத்துக்குறேன். உங்க நாற்காலி உங்களுக்கே வந்துடும்."

ஹாஜியார் யோசித்தார். கழுகுக் கண் ஹாஜியார், போட்டோவுக்கு நிக்காஹ் செய்துகொண்டார். அதைச் சந்தையில் யார் யார் எப்படியெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. பொய்யன் என்றாலாவது பரிதாபப்படுகிறார்கள். உண்மை தெரிந்தால் சிரிப்பார்கள்.

"வேணாம்" என்றார். "பெருநாள் அன்னைக்கு நீதிபதிய எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு."

"நானும் அதான் நெனச்சேன்" என்றான் ஹர்னோத்தோ, சட்டென்று. இருவரும் கைகளைக் கோத்துக்கொண்டு, அறிந்தும் அறியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்படி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எந்தப் பிழை என்று சொல்ல வேண்டியதில்லாதது அந்த வழக்கத்தின் பெரிய வசதி.

அப்போது வாசலில் சலாம் கேட்டது. சயெலான். புதுக் கைலி, புதுத் தொப்பி, நடையிலேயே ஒரு புது நிதானம். வழியில் யாரோ அவரைக் கழுகுக் கண் என்று கூப்பிட்டிருக்கவேண்டும். மன்னிப்புக் கேட்டு, கெதுபத்தும் கோழிக்குழம்பும் சாப்பிட்டு, ஹர்னோத்தோ குழாயை மடக்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தார். பிறகு ஹாஜியாரின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, காதோடு குனிந்தார்.

"ஹாஜியார், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நீங்க சொல்லிக்குடுத்ததைத்தான் நான் சொன்னேன். நீங்க திடீர்னு மாத்திட்டீங்க." புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த வருஷம் நான் எப்படிச் சொல்றது? மேலேயா, கீழேயா?"

முற்றத்துக்கு அப்பால் அந்தப் படகு இப்போது நேராக மிதந்தது. ஹாஜியார் புதுக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலேன்னே சொல்லு" என்றார். "ஆனா பாத்துகீத்து தொலைக்காதே."